வேப் பிடிபட்ட பிள்ளையும் முதல் மூன்று நாளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவரின் பையில் வேப் எனப்படும் இ-சிகரெட் கிடைத்தால், பெற்றோரை வரவழைத்து, மன்னிப்புக் கடிதம் வாங்கி, ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடும் பள்ளிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பிள்ளையைத் தனியே விடக்கூடாத வாரம் அதுதான்.

ரத்தத்தில் உள்ள நிகோடின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். வேப் பறிபோன சில மணி நேரத்திலேயே தவிப்பு தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தைத் தொடும். முழுதும் அடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, அகோரப் பசி, எதிலும் மனம் பதியாமை, சோர்வு எல்லாம் சேர்ந்து வரும். வீட்டில் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு இன்னும் திட்டுவார்கள். முன்பே மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைக்கு இது பெரிய ஆபத்து.

பிடி இவ்வளவு இறுகக் காரணம், உள்ளே இருக்கும் திரவம். மேலே 5% என்று போட்டிருந்தால் ஒரு மில்லியில் 50 மி.கி. நிகோடின், 2 மில்லி கொண்டதில் 100 மி.கி. ஒரு சிகரெட்டிலிருந்து உடம்புக்குள் போவது 1 முதல் 2 மி.கி.தான். வேப்பில் உள்ளது அத்தனையும் ரத்தத்தில் சேராது என்றாலும் அளவு மிக அதிகம். பென்சாயிக் அமிலம் சேர்த்து நிகோடினை உப்பாக்கிவிடுவதால் தொண்டை கரகரக்காது. முதல் சிகரெட்டில் வரும் இருமல் பல பிள்ளைகளை அதோடு நிறுத்திவிடும். இதில் அந்தத் தடை இல்லை. சிகரெட் எரிந்து தீரும். இது சட்டெனத் தீராது, கழிப்பறையில் நான்கு இழுப்பு, போர்வைக்குள் பத்து இழுப்பு என்று நாள் முழுக்கப் போகும்.

“இழுத்தா டென்ஷன் குறையுது” என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. ஆனால் குறைகிற அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதி, முந்தைய இழுப்பின் நிகோடின் இறங்கியதால் வந்தது. சிலருக்கு மனச்சோர்வு முதலில் வந்து வேப் பிறகு வந்திருக்கும். ஆகவே வேப்பைப் பறித்தால் மட்டும் போதாது. தேர்வு பயமா, வீட்டுச் சண்டையா, கேலியா என்று பொறுமையாகக் கேட்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது: காலையில் எழுந்த அரை மணிக்குள் இழுக்கிறாயா? இரவில் அதற்காக விழிக்கிறாயா? ஆம் என்றால் மனநல மருத்துவரிடம் போவதே சரி. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்துக் கடையில் கிடைக்கும் நிகோடின் சூயிங்கத்தை 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் தணியும். அதுவரை இடம் மாறுவது, தண்ணீர் குடிப்பது, மெதுவாக மூச்சை இழுத்து விடுவது உதவும். பறித்த வேப்பைக் குப்பையோடு எரிக்கக் கூடாது, உள்ளே லித்தியம் பேட்டரி வெடிக்கும். திரவம் கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தோல் வழியாகவும் நிகோடின் ஏறும். கைக்குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

போலீஸுக்குப் பயந்து சிகிச்சைக்கே அழைத்துவராத பெற்றோர் உண்டு. இ-சிகரெட் பற்றிய 2019ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது; பயன்படுத்துவதைக் குற்றம் என்று சொல்லவில்லை. விற்றால் முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வகுப்புத் தோழனுக்குக் கைமாற்றி விற்பதும் விற்பனைதான். மதுவுக்கு, கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடையின் இந்தப் பக்கம் ஒரு விதி, அந்தப் பக்கம் ஒரு விதி; வேப்புக்கு இரண்டு பக்கமும் ஒரே தடை. காவல்துறை பிள்ளையின் பையோடு நிற்காமல், விற்றவரைத் தேடிப் போக வேண்டும்.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பெற்றோர் வந்திருக்கும்போதே 1800112356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணை அழையுங்கள். தற்கொலைப் பேச்சு வந்தால் பிள்ளையை ஒரு நிமிடமும் தனியே விடாமல், 24 மணி நேரமும் இயங்கும் மனநல உதவி எண் 14416ஐ அழையுங்கள். பிள்ளை தயங்காமல் பேச அறையில் கூட்டம் வேண்டாம்; ஒரே ஒரு ஆசிரியர், அதுவும் பிள்ளைக்குப் பிடித்தவர், உடன் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பள்ளி மனநல ஆலோசகர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.