ஆமைத் தீவன டப்பாவில் ‘முழுமையான உணவு’ என்ற தவறான வாசகம்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: தீவனத்தின் விலையும் சிகிச்சைச் செலவும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் வீட்டில் நான்கு வருடமாக ஒரு ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமை வளர்கிறது. பெயர் அல்வா, வைத்தவள் என் மகள். கடந்த ஜனவரியில் கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் உங்கள் ஆமைத் தீவனத்தை வாங்கினேன். 100 கிராம் டப்பா, 380 ரூபாய். ‘எல்லா வயது ஆமைகளுக்கும் முழுமையான சமச்சீர் உணவு, வேறெதுவும் தேவையில்லை’ என்று முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை நம்பி, அதுவரை போட்டுவந்த கீரை, கேரட், தீவனக் குச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆறு மாதம் இதையே வாங்கிப் போட்டேன்.

மூடியைத் திறந்ததுமே சென்னாக்கூனி வாசனை. என் அம்மா எட்டிப் பார்த்து, “இதைக் கத்திரிக்காயோட போட்டுக் குழம்பே வைக்கலாம் போலிருக்கே” என்றார். கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். டப்பாவின் அடியில் இருந்த விலை ஸ்டிக்கரை ஜூலையில் நகத்தால் சுரண்டிய பிறகுதான், ‘சேர்மானம்: உலர்ந்த சிற்றிறால் 100%’ என்ற வரி கண்ணில் பட்டது. சேர்மானத்தைப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியது யார் தப்பு?

ஜூன் கடைசியில் அல்வா சாப்பிடுவதை நிறுத்தியது. இறால் மிதந்து வந்து மூக்கில் முட்டினாலும் கவ்வவில்லை. கையில் எடுத்துப் பார்த்தால், இரண்டு கண்ணும் ஊறவைத்த பயறுபோல் உப்பி, இமைகள் ஒட்டிக் கிடந்தன. உங்கள் உதவி எண்ணில் பேசியவர், “தண்ணி அழுக்கா இருக்கும் சார், மாத்திப் பாருங்க” என்றார். மாற்றினேன். வீக்கம் வற்றவில்லை.

அப்புறம் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டதே, என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்றுதான். டப்பாவை நீட்டினேன். வைட்டமின் ஏ குறைபாடு என்றார். அது குறைந்தால் கண்ணைச் சுற்றியுள்ள சுரப்பிகள் அடைபட்டு வீங்குமாம். குட்டியாக இருக்கும்போது புழு, பூச்சி என்று அசைவம் அதிகம் தின்னும் இந்த ஆமை, வளர வளர இலைதழைப் பக்கம் சாயும். வளர்ந்த ஆமைக்குக் காய்ந்த இறால் வெறும் நொறுக்குத் தீனி, எப்போதாவது கொடுக்கலாம், அவ்வளவுதான். உங்கள் டப்பாவில் வயது வித்தியாசமும் இல்லை, வைட்டமின், கால்சியம் அளவும் இல்லை.

இப்போது ஊசி போட்டு, கேரட் துருவலும் கீரையும் நல்ல தீவனக் குச்சியும் கொடுக்கிறோம். பாலக்கீரை மட்டும் வேண்டாம், அது கால்சியத்தை உடம்பில் சேரவிடாது என்றார் டாக்டர். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டுமே என்று, நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைத் தொட்டியில் போட்டிருக்கிறோம். இடது கண் திறந்துவிட்டது. வலது கண் இன்னும் பாதிதான்.

வாங்கிய டப்பாக்களின் விலையும் சிகிச்சைக்கு ஆன 2,650 ரூபாயும் எனக்கு வரவேண்டும். அடுத்து அச்சிடும் டப்பாவில் ‘முழுமையான’ என்ற சொல் இருக்கக் கூடாது. 15 நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும், அடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன்.

ரசீதுகள், மருந்துச் சீட்டு, டப்பாவின் படங்கள் (ஸ்டிக்கரோடு ஒன்று, சுரண்டிய பின் ஒன்று) இணைத்துள்ளேன். கடைசி டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது. சோதிக்க வேண்டுமென்றால் ஆளனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சென்னை