கரிசல் மண்ணில் சாலை போடும் பொறியாளர்களுக்கு

மதிப்பிற்குரிய பொறியாளர்களே, வணக்கம்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கரிசல் காட்டு ஊரிலிருந்து எழுதுகிறேன். நான் அறிய எங்கள் ஊர்ச் சாலைக்கு மூன்று முறை தார் போட்டாயிற்று. சித்திரையில் ஓரமாக நீள வெடிப்பு விழும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். அப்புறம் பிரசவத்துக்கு வண்டி வர மறுக்கும்.

இங்கே வீடு கட்டுகிறவர்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, மணலோ சரளையோ நிரப்பித்தான் அஸ்திவாரம் போடுகிறார்கள். இந்த மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும் என்பது எங்கள் கொத்தனாருக்கே தெரியும். சாலைக்கு மட்டும் ஏன் அந்தக் கவனம் இல்லை?

மதுரைப் பேராசிரியர் வாசுதேவன் காட்டிய வழியில் பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியில் பூசித் தார் போடுகிறோம். நல்ல வேலை, அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஆனால் அது மேல் அடுக்குக்கான மருந்து. எங்கள் சாலைக்கு நோய் அடிமண்ணில் இருக்கிறது.

அடிமண்ணுக்கும் மருந்து உண்டு. பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் தென்னைநார் விரிப்பு போட 2020-இல் ஏழு மாநிலங்களில் 1,674 கி.மீ. ஒதுக்கினார்கள். தமிழ்நாட்டின் பங்கு 369 கி.மீ. ஈர மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே இந்த விரிப்பு கிடந்தால் ஜல்லி சேற்றில் புதையாது, சேறும் மேலே ஏறாது. நார் மக்கிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. மக்கும்தான். ஆனால் தென்னைநாரில் லிக்னின் என்ற, எளிதில் மக்காத பொருள் அதிகம் என்பதால் சில வருடங்கள் தாங்கும். அதற்குள் வண்டிகள் ஓடி ஓடி அடிமண் இறுகிவிடும். விரிப்பின் வேலை அந்த முதல் சில வருடங்களுக்குத்தான். நாருக்குப் பொள்ளாச்சி இருக்கிறது, வெளியே தேட வேண்டாம்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் சாம்பலும் பக்கத்திலேயே கிடைக்கிறது. நிலக்கரிச் சாம்பல் தனியாக இறுகிப் பிடிக்காது, சுண்ணாம்பு சேர வேண்டும். சுண்ணாம்பு கரிசல் உப்பிப் பெருகும் குணத்தைக் குறைக்கும், சாம்பலோடு சேர்ந்து நாள்பட இறுகும். ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது: மண்ணில் ஜிப்சம் இருந்தால் சுண்ணாம்பு பட்டு இன்னும் உப்பிவிடும். அதனால் எல்லா ஊருக்கும் ஒரே அளவு என்று எழுதிவிடாதீர்கள்.

கேட்பது இவ்வளவுதான். எஸ்டிமேட் எழுதும் முன் ஒவ்வொரு சாலையிலும் குழி எடுத்து, மண்ணை நாலு நாள் ஊறவைத்து சி.பி.ஆர். (மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று காட்டும் சோதனை) பாருங்கள், ஜிப்சமும் பாருங்கள். அந்த எண்களை ஊராட்சிப் பலகையில் எழுதிவையுங்கள். நார் விரித்த சாலைகள் இன்று எப்படி இருக்கின்றன என்பதையும் வெளியிடுங்கள். பக்கவாட்டு வாய்க்காலை மறக்க வேண்டாம், தண்ணீர் தேங்கினால் எந்த மருந்தும் நிற்காது.

எங்கள் சாலைக்கு அடுத்த எஸ்டிமேட் இந்த வருடம் போடப் போவதாகச் சொல்கிறார்கள். குழி வெட்ட நாள் சொல்லுங்கள், மண்வெட்டியோடு நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
கரிசல் காட்டு விவசாயி ஒருவர்