மொட்டை மாடிக்கு வருகிறவர்களுக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

ஆபீஸில் மூன்று பேர் யோகா சொல்லித் தரக் கேட்கிறார்கள், ஞாயிறு காலையில் மொட்டை மாடிக்கு வரச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பயத்துக்குக் காரணம் என் கழுத்து. 42 வயதில் இடுப்பு வலிக்காகத்தான் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாவது வாரமே எல்லோரோடும் சேர்த்துச் சிரசாசனம் போட வைத்தார்கள். உடம்பில் என்ன தொந்தரவு என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அப்புறம் ஆறு மாதம் நான் கழுத்துப் பட்டையோடு சமைத்தது உனக்கு நினைவிருக்கும்.

அதனால் பாயை விரிக்கும் முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசு. பிரஷர் உண்டா, கண்ணில் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உண்டா, டிஸ்க் தொந்தரவு, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம், எல்லாம் கேள். பிரஷரோ கிளாக்கோமாவோ இருந்தால் தலைகீழாக நிற்கும் ஆசனங்கள் வேண்டவே வேண்டாம். பிரஷர்காரர்கள் மூச்சை அடக்கவும் வேண்டாம். எதற்கும் டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல். சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும்.

அய்யங்கார் யோகாவா, அஷ்டாங்க வின்யாசாவா, எது நல்லது என்று கட்டாயம் கேட்பார்கள். பி.கே.எஸ். அய்யங்கார், பட்டாபி ஜோயிஸ் இருவருமே மைசூரில் கிருஷ்ணமாச்சாரியார் என்ற யோகா குருவிடம் படித்தவர்கள்தான். முதலாமவர் முறையில் கட்டை, பெல்ட், நாற்காலி எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு நிலையில் நிதானமாக நிற்கலாம். ஜோயிஸின் அஷ்டாங்க வின்யாசா வரிசை மாறாமல் வேகமாகப் போகும். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இறுகிப்போன உடம்புக்கு முதலாவதுதான் நல்லது என்பது என் எண்ணம். கிருஷ்ணமாச்சாரியார் 1952-இல் சென்னைக்கு வந்த பிறகு ஒவ்வொருவரின் உடம்பையும் பார்த்துத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்தார். நான் உன்னிடம் எதிர்பார்ப்பதும் அதுதான்.

புத்தகம் கேட்டால் அய்யங்காரின் 'லைட் ஆன் யோகா' சொல். 1966-இல் வந்தது. ஆசனத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அது எவ்வளவு கடினம் என்று ஓர் எண் இருக்கும். கடைசியில் உள்ள பாடத்திட்டம் 300 வாரம் போகும். பத்து நாளில் தொப்பை குறையும் என்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு வருபவரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டு. வீடியோ பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் முழங்கால் எங்கே கோணுகிறது என்று வீடியோவுக்குத் தெரியாது. ஒரு மாதமாவது நேரில் ஒரு நல்ல ஆசிரியரிடம் போகச் சொல்.

கால் விரலைத் தொட முடியவில்லையே என்று வருத்தப்படுபவர்களுக்கு, யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியைச் சொல். கிட்டத்தட்ட 200 சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றி மூன்றுதான். அதில் முதலாவது, நிலையாகவும் சுகமாகவும் இருப்பதே ஆசனம் என்கிறது. வளைவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

முழங்கால் வலிக்காரர் ஒருவர் வருகிறார் என்றாயே, அவருக்கு மாடிக்கு ஒரு நாற்காலி தூக்கிக்கொண்டு போ. உட்கார்ந்தபடியே, மூச்சை இழுக்கும்போது கைகளைத் தூக்கி, விடும்போது இறக்கட்டும். முதல் நாளுக்கு அது போதும். அவர் என்ன சொன்னார் என்று ராத்திரி போன் பண்ணிச் சொல்லு.

அம்மா