Σ வந்தால் முதலில் விரித்து எழுத வையுங்கள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் படிவம் 4, 5, எஸ்டிபிஎம் (மலேசியாவின் மேல்நிலைத் தேர்வு) மாணவர்களுக்கு டியூஷன் நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும் வணக்கம்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வைக்குமுன் ஒரு வேண்டுகோள். Σ (சிக்மா என்னும் கூட்டல் குறி) வரும் எந்தக் கணக்கானாலும் முதல் இரண்டு உறுப்பு, கடைசி உறுப்பு, மொத்தம் எத்தனை உறுப்பு ஆகியவற்றை எழுதிவிட்டுத்தான் பிள்ளைகள் மேலே போகவேண்டும். 1755இல் இக்குறியைக் கொண்டுவந்த ஆய்லர், வித்தியாசத்துக்கு Δ போட்டதுபோல் கூட்டலுக்கு Σ போட்டார். மிரள அதில் வேறொன்றுமில்லை.

கீழே கே = 3, மேலே 6, பக்கத்தில் 2கே + 1 என்று வைத்துக்கொள்வோம். கே இருக்கும் இடத்தில் 3 முதல் 6 வரை ஒவ்வோர் எண்ணாகப் போட்டு விரித்தால் 7 + 9 + 11 + 13 = 40. விரிக்காத பிள்ளை 6இல் 3 போக மூன்று உறுப்பு என்று எண்ணி, கூட்டுத்தொடர் சூத்திரத்தில் போட்டு 30 என்று எழுதும். ‘கழித்தபின் 1 கூட்டு’ என்று விதியாகச் சொன்னால் மறந்துபோகும். 3, 4, 5, 6 என்று விரல்விட்டு எண்ணவையுங்கள். பக்கத்தில் வெறும் 5 இருந்தால் விடை 5 அல்ல, நான்கு தடவை 5, ஆக 20.

பெரிய குழப்பம் வேரியன்ஸில்தான், அதாவது எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்னும் அளவில்தான். மூன்று செம்பனைக் குலைகள் 12, 13, 15 கிலோ. வர்க்கமாக்கிக் கூட்டினால் 538. கூட்டி வர்க்கமாக்கினால் 1600. முதலாவதை 3ஆல் வகுத்துச் சராசரியின் வர்க்கத்தைக் கழித்தால் ஏறக்குறைய 1.56. இரண்டாவதைப் போட்டால் 355.56! மிகப்பெரிய எண்ணுக்கும் மிகச்சிறிய எண்ணுக்கும் வித்தியாசம் 3தான். அதில் பாதியின் வர்க்கமான 2.25ஐ வேரியன்ஸ் தாண்டவே முடியாது. விடை எழுதியதும் இதைச் சரிபார்க்கப் பழக்குங்கள்.

எஸ்டிபிஎம் பிள்ளைகளுக்கு ஒன்று: சூத்திரங்கள் 1இல் தொடங்குபவை. 10 முதல் 20 வரையிலான எண்களின் வர்க்கங்களைக் கூட்ட, 1 முதல் 20 வரையுள்ள கூட்டுத்தொகை 2870இலிருந்து 9 வரையுள்ள 285ஐக் கழிக்கவேண்டும், 10 வரையுள்ளதை அல்ல. விடை 2585.

முதல் வகுப்பில் கல்குலேட்டர் பைக்குள்ளேயே இருக்கட்டும். பத்துக் கணக்கு கொடுங்கள், விரித்தல் மட்டும், விடை வேண்டாம். பிறகு தலைகீழாக, 7 + 9 + 11 + 13ஐக் கொடுத்து Σ வடிவில் கேளுங்கள். ஒரு பிள்ளை கே = 1 முதல் 4 வரை, 2கே + 5 என்று எழுதினால் அதுவும் சரிதான்; தப்பு போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
கணிதம் கற்பிப்போர் சிலர்,
சுங்கை சிப்புட்