பாலே கால்வலிக்கு ஒளி: அளவும் இடமும் முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலே நடனம் ஆடுபவர்களின் கால்வலிக்குச் சிவப்பு விளக்கைக் காட்டினாலே போதும் என்ற பேச்சு பரவுகிறது. எந்த விளக்கு, எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் விடுவது ஆபத்து.

நுனிவிரலில் நின்று ஆடும்போது மிகவும் பாடுபடுவது பெருவிரலை மடக்கும் தசைநாண். உட்கணுக்காலுக்குப் பின்னால் அது ஓடும் இடத்தில்தான் வலி எடுக்கும். ஆழத்தில் இருப்பதால் 780 முதல் 860 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியே பொருத்தம். அதற்கு அருகிலுள்ள குதிகால் நாணுக்கு உலக லேசர் சிகிச்சைச் சங்கம் பரிந்துரைத்த அளவு, இரண்டு மூன்று புள்ளிகளில் மொத்தம் 8 ஜூல் (ஒளி ஆற்றலின் அளவு). 100 மில்லிவாட் லேசர் கருவியை ஒரு புள்ளியில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல். முனையைத் தோலோடு அழுத்திச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். சாக்ஸ், டேப் மேல் காட்டினால் ஒளி பெரும்பாலும் வீணாகும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். நேரத்தை இஷ்டத்துக்குக் கூட்டினால் பலன் குறையவும் செய்யும்.

எங்களுக்குப் பெரிய கவலை வேறு. நடுப்பாதத்தில், இரண்டாம் விரலின் நீள எலும்பு தொடங்கும் இடத்தை அழுத்தினால் சுரீர் என்கிறதா? அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப விழும் பளுவால் எலும்பில் வரும் மெல்லிய விரிசலாக இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஒளி காட்டி, வலியைத் தணித்து, மறுபடி மேடையேற்றுவது பெருந்தவறு.

இப்படிக்கு,
நடனக் காயங்களைக் கவனிக்கும் இயன்முறை மருத்துவர்கள்