மூன்று பேட்டுக்கோழிக்கு இடம் விடுங்கள்: எங்கள் லேன் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவருக்கும் செயலாளருக்கும், அப்புறம் வட்ஸ்அப் குழுவில் "கோழியா? கொழும்பிலா?" என்று கேட்டுச் சிரிப்பு முகம் போட்ட எல்லாருக்கும் வணக்கம்.

புதிய விதிகளின் வரைவைப் படித்தேன். குப்பை வெளியே வைக்கும் நேரம், வாகனம் நிறுத்தும் இடம் எல்லாம் சரி. "ஆடு, மாடு, கோழி வளர்த்தல் முற்றாகத் தடை" என்ற ஒரு வரியில்தான் எனக்குத் தகராறு. ஆடு மாட்டை விடுங்கள், பாமன்கடையில் மனிசருக்கே காலை நீட்ட இடமில்லை. கோழியை மட்டும் அந்த வரியிலிருந்து எடுத்து, சேவல் கூடாது, ஒரு வீட்டுக்கு நான்கு பேட்டுக்கோழிக்கு மேல் கூடாது, கூடு நாறினால் எடுக்கச் சொல்லும் உரிமை சங்கத்துக்கு உண்டு என்று எழுதுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

சேவல் இல்லாமல் முட்டை எப்படி வரும் என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். வரும். குஞ்சு வேண்டுமென்றால்தான் சேவல் வேண்டும். பேடு தன் பாட்டுக்கு முட்டையிடும், அந்த முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது, வெள்ளிக்கிழமை விரதக்காரர் இதையும் கவனிக்கலாம். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணித்தியாலம் பிடிக்கும், அதனால் இடும் நேரம் நாளுக்கு நாள் கொஞ்சம் பிந்திப் பிந்திப் போய் இடையில் ஒரு நாள் இடாமலே விட்டுவிடும். இட்டதும் கொஞ்ச நேரம் கொக்கரிக்கும், அதுவும் பகலில். நம் லேனுக்குள் பாண் ஓட்டோ காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறதே, அதைவிட இது எவ்வளவோ மேல் (பாண் ஓட்டோவைத் தடை செய்யச் சொல்லவில்லை, மாலுபாண் எனக்கும் வேண்டும்).

நாற்றம் என்பது நியாயமான பயம். கோழிக்கூடு நாறுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருக்கிறோம். ஆனால் அது ஏன் நாறுகிறது என்று பார்க்கவேண்டும். எச்சம் ஈரத்தோடு கிடந்தால் அமோனியா கிளம்பும், மூக்கைப் பிடுங்கும். நாலு விரற்கடை உயரத்துக்கு உமியோ மரத்தூளோ பரப்பி, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் எச்சம் அதற்குள் காய்ந்து உதிர்ந்துவிடும், மூன்று கோழியின் எச்சம் பக்கத்து வளவுக்கு மணக்காது. ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பார்த்துவிட்டுக் கையைத் திறக்கவேண்டும்: உதிர்ந்தால் சரி, கட்டியாக நின்றால் ஈரம் கூடிவிட்டது, அன்றைக்கே மாற்றவேண்டும். கொழும்பில் இதற்கு எதிரி மழைதான். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழையில் சாரல் எந்தப் பக்கத்தால் அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கூரையை நன்றாக வெளியே இழுத்துவிட்டு, தரையை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டாதவருக்கு அனுமதி கொடுக்காதீர்கள், நானே உங்கள் பக்கம் நிற்பேன். கழிக்கும் உமியைப் பச்சையாகச் செடிக்குப் போட்டால் செடி கருகும். மூடிவைத்துச் சில மாதம் உக்கவிட்டால் உங்கள் பூச்சட்டிகளுக்கும் தருவேன்.

கோழித் தண்ணீரில் நுளம்பு பெருகும் என்று டெங்கைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். நுளம்பு இட்ட முட்டை நுளம்பாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும், கோழிக்கு வைக்கும் தண்ணீரோ தினமும் மாற்றுவது. வெறுமனே ஊற்றிவிட்டால் போதாது, டெங்கு நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும், அதனால் தேய்த்துக் கழுவவேண்டும். எலியைத் தடுக்கவும் வழி இருக்கிறது. ஒரு கோழி நாளைக்குத் தின்பது 110, 120 கிராம் தீன். அளந்து போட்டு, இருட்டுமுன் மிச்சத்தை எடுத்து மூடியுள்ள தகரத்துக்குள் வைத்தால் எலிக்கு அங்கே வேலை இல்லை. நம் லேனின் எலிகள் எங்கே சாப்பிடுகின்றன என்பது முதல்நாள் இரவே வெளியே வைக்கும் குப்பைப் பைகளைப் பார்த்தால் தெரியும்.

உண்மையில் ஆபத்து கோழிக்குத்தான். கால்வாய்க் கரையில் கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு இருக்கிறது, பகலில் கீரி, இரவில் நம் கூரைக்குள்ளேயே குடியிருக்கும் மரநாய். கடையில் "கோழி வலை" என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், மரநாயை வெளியே வைக்காது, கடித்துக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, பற்றவைத்த இரும்பு வலை வேண்டும், அதை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கவேண்டும், ஏனென்றால் கபரகொய்யா தோண்டும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, பொழுதுபடப் பூட்டவேண்டும். இதற்கெல்லாம் காசு செலவாகும். அதனால்தான் வளர்க்கிறேன் என்று வருபவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள், லேன் முழுக்கப் பண்ணையாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

முட்டை மலிவாகக் கிடைக்கும் என்று பொய் சொல்லவும் நான் வரவில்லை. கூட்டுச் செலவும் தீன் விலையும் சேர்த்தால் கடை முட்டையே மலிவாக இருக்கலாம். ஆனால் 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு நாடு வந்ததே, அப்போது ஒரு முட்டைக்குக் கடை கடையாக அலைந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஐந்து மாதம் அளவில் இடத் தொடங்கும் நல்ல பேடு மூன்று இருந்தால் வாரத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை கிடைக்கும். இங்கே பகல் வருடம் முழுக்க ஏறக்குறைய 12 மணித்தியாலம் என்பதால் குளிர் நாடுகளில்போல பகல் குறுகும் குளிர்காலத்தில் இடுவது நின்றுபோகாது. வெயில்தான் பிரச்சினை, சூடு கூடினால் வாயைப் பிளந்து இரைக்கும், தீனைக் குறைக்கும், முட்டை ஓடு மெலியும். மாமர நிழல் இருக்கிற வளவுக்குத்தான் இது சரி. ஓடு உறுதியாக இருக்கச் சிப்பித்தூளும் கொஞ்சம் தனியாக வைக்கவேண்டும்.

ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போட்ட கோழியாகவே வாங்கவேண்டும், கோழி செத்தால் கால்வாயில் எறியக்கூடாது, பிள்ளைகள் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேண்டும் என்பதையும் விதியில் சேருங்கள். கிழக் கோழியை என்ன செய்வது என்பதையும் முதலே கேளுங்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகு முட்டை குறையும், கோழி இன்னும் பல வருடம் இருக்கும். சந்தைப் பக்கம் கொண்டுபோய் அவிழ்த்துவிடுபவரை எனக்கும் பிடிக்காது.

என் கூடு பின்மதில் ஓரம் வரும், யாருடைய படுக்கையறை யன்னலுக்கும் கிட்ட அல்ல. கட்டுமுன் இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் கையெழுத்து வாங்குகிறேன், மாநகர சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதை ஒரு வருடப் பரீட்சார்த்தமாக வாக்கெடுப்புக்கு விடுங்கள். முடியாது என்றால் எதனால் முடியாது என்று எழுந்து நின்று சொல்லுங்கள், சிரிப்பு முகத்துக்கு நான் என்ன பதில் எழுதுவது?