ஜப்பான் எழுந்தது உழைப்பால் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் உழைப்பால் மட்டுமே எழுந்தது என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை சொல்வது பாதி உண்மையே. 1931இல் சீனாவின் வடகிழக்குப் பகுதியான மஞ்சூரியாவைப் பிடித்து, 1937இல் சீனாவோடு முழுப்போரில் இறங்கிய ராணுவம், 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதும் தென்கிழக்காசியாவின் எண்ணெய் வயல்களை நோக்கிப் பாய்ந்தது; தோல்வி அங்கேயே தொடங்கிவிட்டது. போருக்குப் பின் குத்தகை விவசாயிகளுக்கு நிலம் கைமாறியதைக் கட்டுரையாளர் ஒரு வரியில்கூடத் தொடவில்லை. 1950 ஜூனில், ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமுமாகத் தத்தளித்த டொயோட்டாவின் தலைவர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அதே மாதம் மூண்ட கொரியப் போருக்காக அமெரிக்க ராணுவம் கொடுத்த லாரி ஆர்டர்களே அந்நிறுவனத்தைக் கரை சேர்த்தன. கொரியாவோ அதற்குமுன் 35 ஆண்டுகள் ஜப்பானிடம் அடிமைப்பட்டுக் கிடந்த நாடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்